தலைப்பெழுத்து

பெயரை அடித்திருந்தார்கள், நோயை அடிக்கவில்லை. நன்முல்லை அந்தத் தாளை மறுபடியும் மடியில் விரித்துக்கொண்டாள். கல்வி அலுவலகத்து மாடி வராந்தாவில் பெஞ்சைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள், சாய்ந்தால் சேலையில் சுண்ணாம்பு ஒட்டும் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான், அதனால் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் தைரியசாலி மாதிரித் தெரியும், தெரியட்டும். தாளில் மார்க்கர் பேனாவால் பட்டை பட்டையாக இழுத்திருந்தது. பட்டைகளுக்கு நடுவே மிச்சம் இருந்ததெல்லாம் அவள். ‘கடுமையான மனச்சோர்வுக்காக உள்நோயாளியாக இருந்தவர் என்றும், மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றவர் என்றும், மாணவர் நலன் கருதி அன்னாருக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு வழங்குவதை மறுபரிசீலனை செய்யுமாறும்.’ எவ்வளவு தெளிவான அச்சு. யாரோ ஒரு கிளார்க் ஸ்கேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயர் வருகிற இடமெல்லாம் தேடித் தேடி மூடியிருக்கிறான், பெயர்தானே தனிப்பட்ட விவரம், நோய் யாருடையதாகவும் இருக்கலாம் இல்லையா, ஷாக் வைத்த மண்டை எந்த மண்டையாகவும் இருக்கலாம். ஆற்றில் குளிக்கிறவள் ஆள் வருகிற சத்தம் கேட்டு முகத்தை மட்டும் பொத்திக்கொண்ட மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது, தனியாகச் சிரிக்கிறாள் என்று யாராவது பார்த்துவிடுவார்கள், இந்த ஆபீசில் அவள் இனிமேல் தனியாகச் சிரிக்க முடியாது. படியேறும்போதே பார்த்தாளே, தட்டச்சு அம்மா, முன்பெல்லாம் என்ன கணக்கு டீச்சர், வழி தெரிஞ்சுதா என்று கத்துகிறவள், இன்றைக்கு வாங்க டீச்சர், உக்காருங்க, தண்ணி குடிக்கீங்களா என்று பஞ்சுக் குரலில், காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டாள். அந்தக் குரலுக்கு மட்டும் ஒரு மார்க்கர் பேனா இருந்தால் தேவலை.

சித்திரையில் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் வந்தது, வைகாசியில் யாரோ அவள் மேல் மனுப் போட்டார்கள், ஆனியில் மெடிக்கல் போர்டு. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள், இந்தப் பக்கம் அவள். இன்னைக்கு என்ன கிழமைம்மா. சொன்னாள். நூறுல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுக்கிட்டே வாங்க. இருபது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளிடம். தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எதுவரைக்கும் டாக்டர், மைனசுக்கும் போகணுமா என்று கேட்டாள், ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். தகுதி உண்டு என்றுதான் கடைசியில் கொடுத்தார்கள், ஆனால் பொறுப்பு வரவில்லை, ‘பரிசீலனையில்’ என்கிறார்கள், பரிசீலனை என்கிற சொல் ஊறுகாய் ஜாடி மாதிரி, போட்டு மூடினால் கெடாது. யார் போட்ட மனு அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். பெயர்களை அடித்து இந்த ஒரு குறிப்புத் தாளை மட்டும் கொடுத்தார்கள், மனுவைத் தரவில்லை. ‘மூன்றாம் தரப்பினர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்துள்ளதாலும், கோரப்படுவது தனிப்பட்ட தகவல் என்பதாலும்’ முடியாதாம். அதற்கு மேல்முறையீடு, அதற்கு இன்றைக்கு விசாரணை. மூன்றாம் தரப்பு. கேட்கிறவள் ஒரு தரப்பு, கோப்பைக் கையில் வைத்திருக்கிற ஆபீஸ் ஒரு தரப்பு, கோப்புக்கு உள்ளே படுத்திருக்கிற ஆள் மூன்றாம் தரப்பு. காலையில் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள், அண்ணன் டேங்க் மூடியைத் திருகிக்கொண்டே, நம்ம வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் போட்டிருக்கேன் என்றான். அப்படின்னா என்னண்ணே. அப்படின்னா, நமக்கு அடிபட்டா சல்லிக்காசு கிடையாது, நம்மளால எவன் அடிபடுதானோ அவனுக்குத்தான் கிடைக்கும். சொல்லிவிட்டு அவனே சிரித்தான், அவளும் சிரித்தாள், பின்னால் ஏறி அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள், சட்டைக்குள்ளே தோள் எலும்பு எப்போதும் போலக் கூர்மையாக இருந்தது, ஊர் எல்லை தாண்டும் மட்டும் அந்தக் கையை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமா. அப்போதே தெரிந்திருந்தால் எடுத்திருப்பாளா. அப்போது தெரியாதா.

அங்கேதான் நூல் சிக்குகிறது. ஒவ்வொரு தடவையும் அங்கேதான். தாள் தபாலில் வந்த அன்றைக்கு நேரே அண்ணன் கடைக்குத்தான் கொண்டுபோனாள். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸும் தட்டச்சும், பட்டா மனு, வாரிசு மனு, முதியோர் பென்ஷன் மனு, ஊரில் எழுதத் தெரிந்தவன்கூட வளவன் அண்ணன் கையால் எழுதினால்தான் ஆபீசர் படிப்பார் என்று வருவான். அவளுடைய தகவல் கேட்கிற மனுவும் அந்தக் கம்ப்யூட்டரில் அடித்ததுதான். தாளை ஜெராக்ஸ் கண்ணாடிக்கு மேலே வைத்து இரண்டு பேரும் குனிந்து படித்தார்கள். ‘கோ.இ.’, ஒரு கறுப்புப் பட்டை, ‘என்பார் அளித்த மனுவில்’, மறுபடியும் ‘கோ.இ.’, ஒரு கறுப்புப் பட்டை, ‘கணித ஆசிரியை’. கிளார்க்குக்குப் பெயர்தான் பெயர், தலைப்பெழுத்து பெயர் இல்லை, அதனால் இரண்டு இடத்திலும் இனிஷியலை அப்படியே விட்டிருந்தான். பாத்தியாண்ணே, கிறுக்குப்பய, ரெண்டு இடத்துலயும் என் பேரையே அடிச்சு வச்சிருக்கான், நானே என் மேல மனுக் குடுத்திருக்கேன் என்று அவள் சொன்னாள். அவனும் சிரித்தான். ஆமா, உனக்கு யாரும் வெளியில இருந்து எதிரி வேணாம் என்றான். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது. இடி இடித்த பிறகு மழை வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்குமே, அவ்வளவு. ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கியதால் தாமதம் என்று அன்றைக்கு அவள் மனசு ஒரு காரணம் சொன்னது, மெஷின் ஓடவே இல்லை என்பதும் அதே மனசுக்குத் தெரியும். உட்காரு, இதை விடக்கூடாது, மேல்முறையீடு போடுவோம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனே வாசகம் சொல்லி அவனே அடித்தான், ‘என் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்த நபரின் பெயரை அறிய எனக்கு முழு உரிமை உண்டு’. முழு உரிமை என்பதைக் கறுப்பாக்கவா என்று கேட்டான், தடித்த எழுத்தைத்தான் அப்படிச் சொல்லுவான். கறுப்பாக்கு என்றாள்.

கோ என்றால் கோமதி, அம்மா. இ என்றால் இசக்கிமுத்து, அப்பா. ஊரில் எல்லாரும் அப்பன் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்த மனுஷன், எந்தக் கூட்டத்தில் என்ன கேட்டுவிட்டு வந்தாரோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டரிடம் சண்டை பிடித்து அம்மா எழுத்தை முதலில் போட வைத்தார். பத்து மாசம் சுமந்தவ பின்னால நிப்பாளா சார், முன்னால போடுங்க. ஊருக்குள் அப்படி இரண்டெழுத்து வைத்த பிள்ளைகள் அவர்கள் இரண்டு பேர்தான், அண்ணன் வளவன், அவள் நன்முல்லை. கோ.இ.யைச் சேர்த்துச் சொன்னால் கோழி மாதிரிக் கேட்கும், வருகைப் பதிவு எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து கொக்கரக்கோ வரும், கோழி வந்துட்டாடோய், முட்டை போட்டாளா. ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். அண்ணன் யார் என்று மட்டும் கேட்டான், மறுநாள் கொக்கரித்தவன் உதடு வீங்கி வந்தான். ஏட்டி, இந்த ஊர்ல கோ.இ.ன்னா நாம ரெண்டு பேர்தான், ஒருத்தரைச் சொன்னா ரெண்டு பேரையும் சொன்ன மாதிரி என்றான் அன்றைக்குச் சாயங்காலம், மூக்கில் புழுதியோடு. அதைத்தான் கிளார்க் மூடாமல் விட்டிருக்கிறான். கண்ணுக்கு எதிரே. தன் எழுத்தைத் தானே பார்க்கிறபோது யார் சந்தேகப்படுவார்கள், கண்ணாடியில் தெரிகிற ஆளைத் திருடன் என்று யாராவது நினைப்பார்களா. ஆனால் அந்தப் பட்டை. இரண்டு பட்டையும் ஒரே நீளம் இல்லை. அவள் ஆள்காட்டி விரலை எடுத்து வைத்துப் பார்த்தாள், ‘கணித ஆசிரியை’க்கு முன்னால் இருக்கிற பட்டை விரலில் முக்கால்வாசி ஓடியது, நன்முல்லை, நீளமான பெயர், சரி. ‘என்பார் அளித்த’வுக்கு முன்னால் இருக்கிற பட்டை நகத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான். குட்டைப் பெயர். மூன்று தடவை வைத்துப் பார்த்தாலும் குட்டைதான், கணக்கு டீச்சர் விரல், தப்பாக அளக்காது. வ, ள, வ, ன்.

வராந்தாக் கோடியில் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது, அதற்குக் கீழே இருக்கிற மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை விக்கியது. சுற்று, விக்கல், சுற்று, விக்கல். ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு விசிறி, கம்பிக் கூண்டு போட்டது, அதற்குக் கீழே கட்டிலில் அவள், தலைமாட்டில் ஸ்டூலில் அண்ணன். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம். சாவு வீட்டுச் சத்தம் எல்லாம் அடங்கின பிறகு, ஒருநாள் கரும்பலகையில் பாதிக் கணக்கில் சாக்பீஸ் நின்றது, சமன் குறிக்கு அந்தப் பக்கம் என்ன எழுத வேண்டும் என்று தெரியவில்லை, அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறம் எதற்கும் அந்தப் பக்கம் என்ன என்று தெரியவில்லை, சாப்பாடு, தூக்கம், விடிதல். அண்ணன்தான் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனான். ஷாக் வைப்பதற்குக் கையெழுத்துப் போட்டது அவன், வைத்துவிட்டு வெளியே கொண்டு வரும்போது வாயோரம் எச்சில் துடைத்தது அவன், ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, ஆ காட்டு, ஆ காட்டு முல்லை, ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், கோமதிக்கு ஒரு வாய் என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்க வைத்து ஊட்டியது அவன். ஊரில் மஞ்சள் காமாலை என்று சொன்னதும் அவன்தான். கீழாநெல்லி எங்கே கிடைக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்து, ஒரு கட்டு வாங்கிவந்து வாசலில் எல்லாரும் பார்க்கக் காயப்போட்டான், பொய்யென்றால் அவ்வளவு பொறுப்பான பொய். மதினிக்குக்கூட காமாலைதான் தெரியும். இதை உன்னையும் என்னையும் தவிர வேற ஒரு உசுருக்கு நான் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான், அவள் தலையில், ஷாக் வைத்த தலையில், அந்த உள்ளங்கைச் சூடு இப்போதும் உச்சியில் இருக்கிறது. தாளில் இருக்கிறது, மின்னதிர்வுச் சிகிச்சை என்று. மின்வாரியத்துக்காரர் மகன் எழுதுகிற தமிழ்தான், கரண்ட் என்று எழுத மாட்டான். வார்டுப் பெயர்கூட இருக்கிறது. அவளே மறந்துபோன வார்டு எண் இருக்கிறது. வேற உசுருக்குச் சொல்லவில்லை, ஆபீசுக்குச் சொன்னான், ஆபீசுக்கு உசுர் இல்லை.

இந்தா பிடி, சூடா இருக்கு என்றது குரல். பேப்பர் கப்பில் டீ, சீனி கம்மியாக, அவளுக்கு எப்படி வேண்டுமோ அப்படி. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான், அவன் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டான், வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு தெரியாது. இன்னும் கூப்பிடலையா. இல்ல. கூப்பிடுவாங்க, சார் போன்ல இருக்காராம், பயப்படாத. நான் பயப்படலைண்ணே. பயப்படலைன்னா எதுக்கு அந்தத் தாளை அந்த நசுக்கு நசுக்குத, பரீட்சையா எழுதப் போற. அவள் தாளை மடித்தாள், குட்டைப் பட்டை உள்பக்கம் போகிற மாதிரி மடித்தாள், ஏன் மறைக்கிறாள், அவனிடமிருந்தா. எதிர்ப் பெஞ்சில் தோளில் துண்டு போட்ட ஒரு ஆள், ஜவுளிக்கடைக் கவரில் காகிதங்களை வைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாகப் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தவர், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். எங்க ஊர் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வாராரா வரலையான்னு கேட்டேன் தம்பி, அது அவரு தனிப்பட்ட தகவலாம், தர மாட்டாங்களாம், பள்ளிக்கூடம் என்ன அவரு வீட்டு அடுப்படியா. அண்ணன் டீயை உறிஞ்சிவிட்டு, இப்ப சட்டத்தைத் திருத்திட்டாங்க அண்ணாச்சி, முன்னாலன்னா இது ஊருக்குத் தேவையான்னு ஒரு கேள்வியாவது கேட்டுப் பாப்பாங்க, இப்ப ஒத்த வரியில சோலியை முடிச்சிருதாங்க என்றான், விடாதீங்க, மேல போங்க, கடைக்கு வாங்க நான் எழுதித் தாரேன். நல்லா இருப்பீங்க தம்பி, நீங்க எதுக்கு வந்திருக்கீங்க. அண்ணன் அவளைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தான். தங்கச்சிக்குத் துணைக்கு.

துணைக்கு. அந்த ஆள் கேட்பது நியாயம், அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளே கேட்டவள்தான். பள்ளிக் கழிவறைக்கு வந்த பணம் எங்கே போனது என்று கேட்டு, கட்டாத கழிவறையைக் கட்டியதாக எழுதினவன் பெயரோடு கோப்பை வெளியே கொண்டு வந்தவள், பெயரில்லாத தாளை நீட்டினபோது, பெயரைச் சொல்லுங்க சார், ஊர்ப் பணத்துல என்ன உங்க சொந்த விஷயம் என்று இதே ஆபீசில் நின்று பேசியவள், பெண்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவதைப் பார்த்தவளுக்கு வேறு எப்படிப் பேச வரும். சர்க்கார் காகிதம் என்றால் நம்முடைய காகிதம், பூட்டுகிறவன் திருடன், இவ்வளவுதான் அப்போது கணக்கு, ஒரு வரிக் கணக்கு. இப்போது இரண்டு பக்கமும் அவளே நிற்கிறாள். கதவைத் திற என்று தட்டுகிறவளும் அவள், உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறவளும் அவள். நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அந்தக் கழிவறைக்காரன் கேட்கலாம், இந்தத் தாளின் நகலை, பெயரை அடித்துத்தான் கொடுப்பார்கள், நோயைக் கொடுத்துவிடுவார்கள். வாத்தியார் வந்தாரா என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். வாத்தியாருக்கு எந்த வார்டில் கட்டில் போட்டார்கள் என்பது ஊருக்கு எதற்கு. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் மார்க்கர் பேனாவைப் பிடித்திருந்தால் போதும். ஆனால் அதைவிட, அதைவிட இன்னொன்று குத்துகிறது. மூன்றாம் தரப்பினர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். தன் பெயரை மூடச் சொல்லி அண்ணன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். எந்தக் கம்ப்யூட்டரில். அவளுடைய முழு உரிமையைக் கறுப்பாக்கிய அதே விசைப்பலகையில். என்னை மூடுங்கள் என்று எழுதினானே, அதற்குக் கீழே அவளையும் மூடுங்கள் என்று இன்னொரு வரி எழுத விரலுக்கு வலித்ததா. ஊருக்கே எழுதிக் கொடுக்கிற விரல்.

ஏன். ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் இருக்கும், அதுதான் பயமாக இருக்கிறது. காரணம் கெட்டதாக இருந்தால் பரவாயில்லை, கெட்ட காரணத்தோடு சண்டை போடலாம். பட்டியலில் பெயர் வந்த அன்றைக்கு அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள், அண்ணன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, மதினி அல்வா எடுத்து நீட்ட நீட்ட, அழுகை நிற்கவே இல்லை. அண்ணன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது பார்த்த பார்வை. உனக்கு எதுக்கு முல்லை இந்தப் பாரம் என்றான் பிறகு, வண்டியில் கொண்டு விடும்போது, வகுப்பு எடுத்தமா வந்தமான்னு இருக்கலாம்லா, ஹெட்மாஸ்டர்னா தூக்கம் போயிரும், தூக்கம் போனா உனக்கு ஆகாது. நான் நல்லா இருக்கேன்ணே. நல்லா இருக்க, நான் இல்லைன்னு சொன்னேனா. இல்லை என்று சொல்லவில்லை, எழுதினான். மாணவர் நலன் கருதி என்று எழுதினானே, தங்கை நலன் கருதி என்றுதான் நினைத்திருப்பான், மனு எழுதுகிறவனுக்குத் தெரியும், தங்கை நலனை எந்த ஆபீசரும் படிக்க மாட்டார், மாணவர் நலன் என்றால் படிப்பார், வேலை நடக்கிற வாசகத்தைப் போட்டிருக்கிறான், அன்பை ஆபீஸ் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும் போலிருக்கிறது. அப்படியா. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்க மாட்டான். ஷாக் வைக்கும்போதும் கேட்கவில்லை, அப்போது கேட்கிற நிலையில் அவள் இல்லை, சரி. அவன் கண்ணுக்கு அந்த நிலை முடியவே இல்லை. இத்தனை வருஷமும் அவள் வகுப்பெடுத்தாள், சீட்டுக் கட்டினாள், கழிவறைக்காகச் சண்டை போட்டாள், திருச்செந்தூருக்குத் தனியாகப் போய் வந்தாள், அவன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆ காட்டு முல்லை. மெடிக்கல் போர்டு அன்றைக்கும் அவன்தான் துணைக்கு வந்தான். வெளியே இதே மாதிரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவள் வெளியே வந்ததும், என்ன கேட்டாங்க என்றான், ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்ன கதையைச் சொன்னாள், கண்ணில் நீர் வரச் சிரித்தான், பன் பட்டர் வாங்கிக் கொடுத்தான். தான் அனுப்பி வைத்த இடத்துக்குத் தானே துணைக்கு வந்து, பன் பட்டர். அது எந்த வகை மனசு. அதற்கு என்ன வார்டு.

டீ ஆறிவிட்டது. குடி, ஏடு கட்டிருச்சு பார் என்றான் அண்ணன். அவள் குடித்தாள். சொல்லச் சொல்லக் குடிக்கிறாள் என்பது தொண்டையில் இறங்கும்போது தெரிந்தது. உள்ளே போனால் என்ன நடக்கும். பெயரைத் தர முடியாது என்று ஆபீசர் சொல்லிவிடுவார், அதற்குத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு, அண்ணனும் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பான். சொல்லிவிட்டால் அவன் படி இறங்கும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான், விடு முல்லை, எவனோ எச்சக்கலை, நாம மேல போவோம் என்பான், அடுத்த முறையீட்டையும் அவனே அடிப்பான், கறுப்பாக்கவா என்று கேட்பான், அவள் பின்னால் ஏறித் தோளில் கை வைத்துக்கொள்வாள். அதற்கப்புறம் பொங்கல் வரும், மதினி கிழங்கு அவிப்பாள், அவனுக்கு மூட்டுவலி வரும், அவள் தைலம் வாங்கிக் கொடுப்பாள், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கறுப்புப் பட்டை அப்படியே இருக்கும், வீட்டுக்கு நடுவே, எல்லாரும் அதைச் சுற்றி நடப்பார்கள். அப்படியும் வாழலாம். நிறையப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள். அப்படி இல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், இந்தத் தோளை விட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகக்கூடத் துணை இல்லை, உடம்புக்கு வந்தால் வாயோரம் துடைக்க ஒரு கை இல்லை, மறுபடியும் சாக்பீஸ் நின்றுபோனால், போகாது, போனால். ஆபீசில் பெயர் கேட்டாளே, ஆபீசுக்கா தெரியாது, அவளுக்கா தெரியாது, தெரிந்ததை ஏன் இன்னொருத்தர் வாயால் கேட்க ஆசைப்பட்டாள். ஏனென்றால் அவள் சொன்னால், அவளுக்குத்தான் மனசு சரியில்லையே, இல்லாததை நினைக்கிறாள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அண்ணனே முடித்துவிடுவான், அன்பாக, நெற்றியில் கை வைத்து. ராத்திரி தூங்கினியா முல்லை.

கதவு திறந்தது. ஆபீஸ் உதவியாளர் அம்மா அட்டையில் செருகிய தாளோடு வெளியே வந்தாள், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்தை முழுதும் படிக்க முடியாமல் முதல் எழுத்துகளை மட்டும் உரக்கச் சொன்னாள். கோ.இ. யாரும்மா, கோ.இ. நன்முல்லை தலையைத் தூக்கினாள். பக்கத்தில் பெஞ்சு லேசாகக் கிறீச்சிட்டது. அண்ணன் எழுந்திருந்தான், முழுசாகக்கூட இல்லை, பாதி, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்திருப்பது மாதிரி, உடம்பு தன்பாட்டுக்கு எழுந்து நின்றது, அப்புறம் மனசு பார்த்து உட்கார வைத்தது. சட்டை முதுகில் சுண்ணாம்பு வெள்ளைக்கு மேல் வெள்ளையாக அப்பியிருந்தது. ரெண்டு பேரா என்றாள் உதவியாளர் அம்மா, எனக்கும் ரெண்டு கையெழுத்துத்தான் வேணும், மனுதாரர் ஒண்ணு, மூணாம் தரப்பு ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே இனிசலா அடிச்சிருக்கே, டைப் அடிச்சவன் தூங்கிட்டானோன்னு பாத்தேன். அண்ணன் சிரித்தான். கொஞ்சம் தாமதித்து வந்த சிரிப்பு. தப்பா அடிச்சிருப்பாங்கம்மா, நான் சும்மா துணைக்கு வந்தேன், இவங்கதான் என்றான், அவள் முதுகில் மெதுவாகக் கை வைத்தான், போ முல்லை, பயப்படாத, நான் இங்கதான் இருப்பேன். கை சூடாக இருந்தது. எதிர்ப் பெஞ்சுக்காரர் ஜவுளிக்கடைக் கவரை மடியில் அணைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நன்முல்லை எழுந்தாள். பேனாவை வாங்கினாள், தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள், கோ.இ. நன்முல்லை, முழுசாக, ஒரு எழுத்து விடாமல். அடுத்த வரியில் ‘மூன்றாம் தரப்பு, கோ.இ.’ என்று மட்டும் இருந்தது, அதற்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அவள் அட்டையைத் திருப்பி, பேனாவையும் மேலே வைத்து, பெஞ்சைப் பார்த்து நீட்டினாள்.

“நான்தான் மனுதாரர். இவரு மூணாம் தரப்பு.”